பேக்கரிக் கல்லாவில் காது கேளாதவரை உட்கார வைக்கலாமா?

திருநெல்வேலியில் பேக்கரியும் டீக்கடையும் சேர்த்து நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: காது கேளாத இரண்டு பேர் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள், ஒருவரைக் கல்லாவிலும் ஒருவரை டேபிளிலும் போடலாமா, இல்லை பின்னால் பேக்கிங்கில் வைப்பதுதான் நல்லதா என்று. "அவர்களால் முடியுமா" என்று கேட்டிருந்தாலும், எழுதியிருக்கும் விதத்தில் வேறொரு கவலை தெரிகிறது. சாயங்காலக் கூட்டத்தில் ஆர்டர் மாறினால், வாடிக்கையாளர் சத்தம் போட்டால், கல்லாவில் பணம் குறைந்தால் என்ன செய்வது, அதற்கு முன்கூட்டியே எதைத் தயார் செய்து வைப்பது? காது கேளாதோருக்குப் பயிற்சி கொடுத்துக் கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலைக்கு அமர்த்தும் துறையில் இருப்பதால் அந்தக் கவலைக்கே பதில் எழுதுகிறேன். கல்லாவில் தாராளமாக உட்கார வைக்கலாம். ஆனால் கல்லா இப்போது இருக்கிற இருப்பில் அப்படியே உட்கார வைத்தால் ஒரு வாரத்துக்குள் சிக்கல் வரும், பழி அவருடைய காதின் மேல் விழும்.

முதல் வேலை உங்களுடையது. ஒரு நாள் முழுக்கக் கடையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, குரலோ ஓசையோ வேலை வாங்குகிற ஒவ்வொரு இடத்தையும் தாளில் எழுதுங்கள். வாடிக்கையாளர் ஆர்டர் சொல்வது எல்லோருக்கும் உடனே தோன்றும். அதற்குப் பிறகுதான் மற்றவை கண்ணில் படும்: சப்ளையர் டீ மாஸ்டரிடம் "ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சக்கர கம்மி" என்று கத்துவது, பார்சல் டோக்கன் எண்ணைக் கூவுவது, டெலிவரி ஆப் இருக்கும் டேப்லெட் அடிப்பது, ஓவன் டைமர், ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தால் வரும் பீப், பால் வண்டி ஹாரன், பின்னால் கொதிக்கிற பாத்திரத்தோடு வருபவர் "சூடு, சூடு" என்பது. இருபது முப்பது இடம் தேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: கண்ணால் பார்க்கிற மாதிரி மாற்றலாம், அதிர்வாக மாற்றலாம், இதைக் காது கேட்கிறவர்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது வகையில் மிஞ்சுவது பெரும்பாலும் போனில் வரும் ஆர்டரும், கூப்பிட்டுப் புகார் சொல்பவர்களும்தான். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு யாரை எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள்.

கல்லாவில் இன்று பணத்துக்கே ஆபத்தான இடம் யுபிஐ சவுண்ட்பாக்ஸ். "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொல்வதைக் கேட்டுத்தான் கேஷியர் தலையாட்டுகிறார். கேட்காதவரிடம் பழைய பேமென்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டையோ போலி ஆப்பையோ காட்டிவிட்டுப் போக ஆள் இருக்கிறது. அவருக்குக் கேட்காது என்று தெரிந்துவிட்டால் திரும்பத் திரும்ப வருவார்கள். வழி எளிது. தொகை எழுத்தில் தெரியும் திரையுள்ள சவுண்ட்பாக்ஸ் வாங்குங்கள், அல்லது பில் தொகையோடு சேர்ந்து ஒவ்வொரு முறையும் புது க்யூஆர் காட்டும் பில்லிங் மெஷினுக்கு மாறுங்கள். இரண்டும் இல்லையென்றால் கடைக்கென்று ஒரு போனில் வியாபாரி ஆப்பைப் போட்டு, அதிர்வை இயக்கி, கல்லா மேஜை மேல் திரை தெரிய வையுங்கள். விதி ஒன்றுதான்: வாடிக்கையாளரின் போன் திரை ரசீது ஆகாது, நம் திரையில் வந்தால்தான் பணம் வந்தது. இந்த விதியைக் காது கேட்கும் கேஷியருக்கும் சேர்த்தே போடுங்கள். இரைச்சலான கடையில் அவர்களும் சவுண்ட்பாக்ஸைச் சரியாகக் கேட்பதில்லை.

ஆர்டர் எடுப்பதில் பலர் நம்புவது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதை. அதை நம்பிக் கல்லாவை அமைக்காதீர்கள். தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. ட, ண, ள, ற எல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அதனால் "பட்டர்" என்பதும் "மட்டன்" என்பதும் உதட்டில் ஏறக்குறைய ஒன்றே. சைவம் சாப்பிடுகிறவரிடம் மட்டன் பஃப்ஸ் போய்ச் சேர்ந்தால் அது கவனக்குறைவு இல்லை, உதட்டின் இயல்பு. மீசை, மாஸ்க், வெற்றிலை, போனில் பேசிக்கொண்டே ஆர்டர் சொல்வது ஆகியவை இன்னும் கெடுக்கும். பழகிய வாடிக்கையாளர், தெரிந்த பொருள் என்றால் ஊகம் துணைக்கு வரும். புதியவர் புதிதாக ஒன்று கேட்டால் ஊகமும் கைவிடும். இன்னொன்று: கேட்கவில்லையே என்று கத்திப் பேசினால் முகம் கோணி, இருக்கிற உதட்டசைவும் புரியாமல் போகிறது. சாதாரணமாக, முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம்.

ஊகத்துக்குப் பதிலாகச் சுட்டிக் காட்டுவதை வழக்கமாக்குங்கள். கண்ணாடி அலமாரியில் இருக்கும் பொருளுக்கு இது ஏற்கெனவே வழக்கம்தான். ஒவ்வொரு தட்டுக்கும் பெயர், விலை, ஓர் எண் கொண்ட சீட்டு இருந்தால் போதும். டீ, காபி, பால், ஜூஸ் போன்ற கண்ணில் படாதவற்றுக்கு ஏ3 அளவில் படத்தோடு ஓர் அட்டை செய்து லேமினேட் பண்ணிக் கல்லா மேல் படுக்கையாக ஒட்டுங்கள். சுவரில் உயரே மாட்டினால் விரலால் தொட முடியாது. அட்டையின் கீழ்வரிசை மிக முக்கியம், பலர் விடுவதும் அதைத்தான்: சர்க்கரை இல்லாமல், சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங், லைட், பார்சல், இங்கே சாப்பிட, சூடாக்கி, ஐஸ் இல்லாமல். தகராறு பெரும்பாலும் பொருளில் வருவதில்லை, இந்தச் சில்லறைக் கோரிக்கைகளில்தான் வரும். எண்ணிக்கையை விரலில் காட்டுவார்கள். கடைசியாக, பணம் வாங்கும் முன் பில்லிங் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிக் காட்டி அவர் தலையசைத்த பிறகே பில் அடிக்க வேண்டும். இதற்கு மூன்று நான்கு வினாடி ஆகும். திரும்ப அடிக்கும் பில்லுக்கு அதைவிட அதிகம் ஆகும்.

பிறந்தநாள் கேக் ஆர்டருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். எடை, சுவை, முட்டை உண்டா இல்லையா, எடுக்க வரும் நாள், நேரம், முன்பணம் எல்லாவற்றையும் கட்டம் போட்ட படிவமாக அச்சடித்து, கேக்கில் எழுத வேண்டிய பெயரை வாடிக்கையாளரையே எழுதச் சொல்லுங்கள். நித்யாவா நித்தியாவா என்ற சண்டை காது கேட்கும் கடைகளிலும் தீரும். இதுவும் போதாத இடத்துக்குப் பேனாவும் தாளும், அதற்கும் பிறகுதான் போன். பேச்சை எழுத்தாக்கும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழிலும் வேலை செய்கிறது. அமைதியான அறையில் நன்றாகவே எழுதும். மிக்ஸி ஓடும் கடையில், நெல்லைப் பேச்சில், தள்ளி நிற்கும் ஆளிடமிருந்து அது எழுதுவதை நம்பி ஆர்டர் எடுக்க முடியாது. போனை வாடிக்கையாளர் வாய் அருகே கொண்டுபோனால் முன்னேற்றம் உண்டு. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடித்தளமாக வேண்டாம்.

வாடிக்கையாளர் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காது கேளாமையால் வருவதில்லை. காது கேளாதவர் என்று தெரியாததால் வருகிறது. பின்பக்கம் திரும்பி பன் எடுத்துக்கொண்டிருப்பவரை மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் யாருக்கும் அவமதிப்பாகத்தான் தோன்றும். ஆகவே கல்லா வாசலைப் பார்த்து இருக்க வேண்டும், எடுத்துக் கொடுக்கும் பொருட்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும், முதுகு காட்டியே ஆக வேண்டிய இடத்தில் பின்னால் நிற்பவரைக் காட்டும் ஒரு குவிகண்ணாடி மாட்ட வேண்டும். அறிவிப்புப் பலகையைக் கல்லாவில் வைத்தால் தாமதம். வரிசையில் நிற்கும்போதே கண்ணுக்கு நேரே தெரிய வேண்டும். "இங்கே பணிபுரிபவருக்குக் காது கேளாது. வேண்டியதைத் தொட்டுக் காட்டுங்கள், அல்லது எழுதுங்கள்" என்ற அளவில் போதும். வாசகத்தை அவர்களிடமே காட்டி ஒப்புதல் வாங்குங்கள். உதவுங்கள், ஆதரவு தாருங்கள் என்றெல்லாம் எழுதிவிட்டால் டீ வாங்க வந்தவர் தர்மம் செய்ய வந்தவர் ஆகிவிடுகிறார், அதன்பின் புகார் சொல்லவும் தயங்குகிறார், சொல்லாமலேயே வேறு கடைக்குப் போய்விடுகிறார். செவிடு, ஊமை என்ற சொற்கள் பலகையிலும் வேண்டாம், கடைக்குள் பேச்சிலும் வேண்டாம். வெளிச்சத்தையும் ஒருமுறை கவனியுங்கள்: மேற்குப் பார்த்த வாசல் என்றால் மாலையில் வாடிக்கையாளர் முகம் இருட்டாகி நிழலாகத்தான் தெரியும், கல்லாவுக்கு மேல் முன்பக்கம் ஒரு விளக்கு வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம். கையைக் காட்டிப் பேசக் கூச்சப்படாதவர்கள் அவர்கள்தான். போனில் இருந்து தலையை எடுக்காத கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம் இடறுவார்கள்.

டேபிளுக்கு, ஒவ்வொரு மேஜையிலும் பொத்தான், சப்ளையர் கையில் அதிரும் வாட்ச் என்று ஓட்டல்களுக்கென்றே விற்கும் வயர்லெஸ் பெல் இருக்கிறது. மேஜை எண் வாட்சில் தெரியும். அது வேண்டாம் என்றால் மேஜைக்கு ஒரு சுவிட்ச், சுவரில் எண் போட்ட பல்பு வரிசை. டெல்லியில் 2015-இல் தொடங்கிய எக்கோஸ் என்ற காபிக் கடை அந்தப் பல்பு முறையில்தான் நடந்தது. அதே ஆண்டு மும்பை பவாயில் திறந்த மிர்ச்சி அண்ட் மைம், மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் அதற்கான சைகையை அச்சடித்துக் கொடுத்தது. பெரிய நிறுவனங்களில் கேஎஃப்சி 2008-இல் கொல்கத்தாவில் காது கேளாதோர் நடத்தும் கிளையைத் தொடங்கியது. லெமன் ட்ரீ ஓட்டல்கள் 2007 முதல் அவர்களை வேலைக்கு எடுத்து, மற்ற ஊழியர்களுக்கும் சைகை கற்றுக்கொடுத்தன. ஸ்டார்பக்ஸ் 2016-இல் கோலாலம்பூரிலும் 2018-இல் வாஷிங்டனிலும் சைகை மொழிக் கிளைகளைத் திறந்தது. இவற்றிலிருந்து ஒன்று உறுதியாகிறது: விருந்தோம்பல் வேலை காது இல்லாமல் நடக்கும். வியாபாரம் கூடும் என்பது உறுதியாவதில்லை. பல்பு, சைகை மெனு என்று வைத்த கடைகளுக்குப் புதுமைக்காகவே ஒரு கூட்டம் வரும். உங்கள் கடைக்கு வருபவர் டீக்காக வருகிறார். விளம்பரக் கணக்குப் போட்டு ஆள் எடுக்காதீர்கள், அந்தப் புதுமை சீக்கிரம் தேய்ந்துவிடும். வேலைவாய்ப்பு முகாம்களில் "இவர்கள் அரட்டை அடிக்க மாட்டார்கள், வேலையை விட்டுப் போக மாட்டார்கள்" என்று சொல்லி விற்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கைகளால் நன்றாகவே அரட்டை அடிப்பார்கள். போகாமல் இருப்பதற்குப் பல நேரம் காரணம் வேறு இடம் கிடைக்காததுதான். கிடைத்தால் போவார்கள், போக வேண்டியதுதான்.

ஏற்பாடு எங்கே உடைகிறது என்று கேட்டால், வாடிக்கையாளர் முன்னால் உடைவதைவிடக் கடைக்குள் உடைவதுதான் அதிகம். பால் விலை ஏறியது, நாளைக்கு முதலாளி வரமாட்டார், மூன்றாம் நம்பர் ஓவனில் சூடு சரியில்லை என்பதையெல்லாம் மற்ற ஊழியர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, காதில் விழுகிறது. காது கேளாதவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. "எல்லோருக்கும் தெரியும், இவனுக்கு மட்டும் தெரியவில்லை" என்று மேற்பார்வையாளர் எரிச்சல்படும் நாளில் நடந்திருப்பது இதுதான். கடை வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போடுவதை அன்றைக்கே நிறுத்துங்கள்; எழுத்து, படம், அல்லது வீடியோ மட்டும். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஒரு வெள்ளைப் பலகையில் அன்றைக்கு இல்லாத பொருள், விலை மாற்றம், பெரிய ஆர்டர், வராத ஆள் என்று நாலு வரி எழுதுங்கள். கூட்டம் போட்டுப் பேசினால் ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும், அவர் முகம் தெரிய வேண்டும்.

எழுத்து என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே காது கேளாதவருக்கு முதல் மொழி பெரும்பாலும் சைகை. தமிழ் அவர் கண்ணால் மட்டும் படித்த இரண்டாவது மொழி. வேற்றுமை உருபும் வினைமுற்றும் ஒலியாகக் காதில் விழுந்து பழகாததால் "நான் நாளை வேலை வர இல்லை ஊர் போக" என்று செய்தி வரலாம். படித்தவர், புத்திசாலி, எழுத்து மட்டும் இப்படி. அதனால் அறிவைக் குறைத்து எடை போட வேண்டாம். நீங்களும் "விடுப்பு தேவைப்படும் பட்சத்தில் முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும்" என்று எழுதாமல் "லீவு வேண்டும் என்றால் முதல் நாள் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். அதே சமயம், எல்லோரும் அப்படித்தான் என்றும் எண்ண வேண்டாம். பேச்சு வந்த பிறகு காது போனவர்களும், சிறுவயதிலேயே கருவி பொருத்திப் பேச்சுப் பயிற்சி பெற்றவர்களும் மிகச் சரளமாக எழுதுவார்கள். ஆன்லைன் விற்பனைக்குச் சாட்டில் பதில் சொல்லும் வேலைக்கு அவர்கள் நன்றாகப் பொருந்துவார்கள். காதுக் கருவி போட்டிருப்பவருக்கு எல்லாம் கேட்கும் என்று நினைப்பதும் தவறு. கருவி உங்கள் குரலைப் பெரிதாக்கும்போது மிக்ஸியையும் சேர்த்தே பெரிதாக்குகிறது; இரைச்சலில் பலர் அதை அணைத்துவிடுவதே மேல் என்று நினைப்பார்கள்.

வேலை கற்றுக்கொடுக்கும்போது "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். தலையாட்டல் வரும், அதற்கு "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் பொருள் இருக்கலாம். "செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். கையால் செய்துகொண்டே வாயால் விளக்குவது நம் பழக்கம். அவரால் கையையும் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. முதலில் சொல்லுங்கள், நிறுத்துங்கள், பிறகு செய்யுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிரீம் கேக்கை வெளியே வைக்காதே என்று மட்டும் சொன்னால் அந்தக் கேக்கை வைக்கமாட்டார். கெட்டுவிடும் என்று சொன்னால் புதிதாக வந்த கிரீம் பன்னையும் வைக்கமாட்டார்.

மற்ற ஊழியர்கள் சைகை கற்க வேண்டுமா? ஆமாம், ஆனால் முழு மொழியும் வேண்டாம். ஐம்பது அறுபது சைகை போதும்: எண்கள், விலை, கடையில் விற்கும் பொருட்கள், சர்க்கரை, வேண்டும், வேண்டாம், தீர்ந்துவிட்டது, காத்திரு, சூடு, ஆபத்து, தப்பு, மன்னிக்கவும், லீவு, சம்பளம். ஒரு மாதம் தினமும் கடை திறக்கும் முன் 15 நிமிடம், அந்த இருவரே கற்றுக்கொடுக்கட்டும், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட வீடியோ அகராதியை 2021-இல் வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசம். ஆனால் சைகை ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி மாறும், பாளையங்கோட்டையில் படித்தவர் கையும் சென்னையில் படித்தவர் கையும் சில சொற்களில் வேறுபடும். அகராதி ஒன்றும் அவர் கை இன்னொன்றும் சொன்னால் அவர் கையைப் பின்பற்றுங்கள். பஃப்ஸுக்கும் பன்னுக்கும் அவர்களே சைகை கண்டுபிடிப்பார்கள், உங்களுக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். தொப்பையைக் காட்டி வைத்தாலும் கோபப்படாதீர்கள், அது அவர்கள் வழக்கம்.

இரண்டு பேர் வந்திருப்பதை நல்ல வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும் எடுத்து, பத்து மணி நேரம் பேச ஆளில்லாமல் வைத்தால், வேலை எவ்வளவு பிடித்திருந்தாலும் சில மாதங்களில் போய்விடுவார். இருவரையும் ஒரே ஷிப்டில் போடுங்கள், ஆனால் ஒரே மூலையில் ஒதுக்காதீர்கள். பேக்கிங்கில் வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். பேக்கிங்கை விரும்பிக் கேட்கிறவருக்கு அது சரி. காது கேளாததால் பேக்கிங் என்றால், பில் போடத் தெரிந்தும் கடைசிவரை டப்பா மடிக்கிறவராகவே அவர் இருப்பார், சம்பளமும் அங்கேயே நிற்கும்.

எடுக்கும் முன் நேர்காணலுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்து வரவழையுங்கள். வீடியோ காலிலும் செய்யலாம். அம்மாவோ அண்ணனோ கூட வந்து பதில் சொன்னால், நீங்கள் வேலைக்கு எடுப்பது அம்மாவை. உங்கள் ஊரிலேயே பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்துவரும் பிளாரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. முன்னாள் மாணவர்களும் சைகை தெரிந்தவர்களும் மாவட்டம் முழுக்க இருப்பதால் மொழிபெயர்ப்பாளரைத் தேட அங்கே தொடங்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். பேச்சுக்குப் பிறகு, சம்பளம் கொடுத்து அரை நாள் வேலை செய்ய வைத்துப் பாருங்கள்: பத்துப் பில், சில்லறை கொடுப்பது, பொருளின் பெயரைப் படித்து எடுப்பது, தப்பான பில்லைத் திருத்துவது. காது கேட்கும் ஆளுக்கு வைக்காத சோதனையை இவருக்கு வைக்காதீர்கள்.

சட்டத்தில் உறுதியானவை இவை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர் என்றும் வகுக்கிறது. சாதாரணப் பேச்சே சுமார் 60 டெசிபல்தான் என்பதை வைத்து இதன் அளவைப் புரிந்துகொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு. உங்களைப் போன்ற தனியார் கடைக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. ஆனால் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைப்பது தனியாருக்கும் உண்டு, 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்தால் அதில் கூடுதல் விவரங்கள் வேண்டும்: எந்தெந்தப் பணியிடம், எப்படித் தேர்வு, என்ன வசதி, யார் தொடர்பு அலுவலர். 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளை வைத்திருக்கும் தனியாருக்கு ஊக்கத்தொகை என்று 35-ஆவது பிரிவு பேசுகிறது. அது அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டது என்றும் அதே பிரிவு சொல்கிறது. கைக்கு வரும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள். குறைந்தபட்ச ஊதியம், பிஎஃப், இஎஸ்ஐ எதிலும் காது கேளாதவர் என்பதற்காகக் குறைக்க முடியாது. யாராவது வாடிக்கையாளர் வேண்டுமென்றே எல்லோர் முன்னிலும் இழிவுபடுத்தினால் 92-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் போலீசுக்குப் போகும் நிலை அபூர்வம். ஆனாலும் "வேறு ஆளை அனுப்பு" என்று ஒருவர் அதட்டினால் ஊழியரை உள்ளே அனுப்புவதா, வாடிக்கையாளரை வெளியே அனுப்புவதா என்று இப்போதே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். உண்மையான புகார் என்றால் ஊழியர் ஒரு கை காட்டியதும் அரை நிமிடத்தில் காது கேட்கும் ஒருவர் வந்து நிற்க வேண்டும். வந்தவர் ஊழியரை ஓரங்கட்டாமல் இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தீ எச்சரிக்கை மணி இருந்தால் அதோடு மின்னும் விளக்கு சமையலறை, கழிப்பறை, ஸ்டோர் ரூம் மூன்றிலும் வேண்டும். தனியாக அவர் இருக்கக்கூடிய இடங்கள் அவைதான். ஒவ்வொரு ஷிப்டிலும் "தீ என்றால் இவரை நீ கூட்டிப் போ" என்று ஒருவர் பெயர் பலகையில் இருக்கட்டும், லீவு போட்டால் மாற்றாள் பெயரும். ஓவன் டைமருக்கு அதிரும் வாட்ச். கிரைண்டர், மிக்ஸி வெறுமனே ஓடினால் ஓசையால் தெரியாது, சுவிட்ச் பக்கத்தில் சிவப்பு இண்டிகேட்டர் வேண்டும். சூடான பாத்திரம் போகும் பாதையைத் தரையில் மஞ்சள் கோடு போட்டு ஒருவழியாக்குங்கள். கையில் சூடு வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து தொடக் கூடாது. பக்கவாட்டில் வந்து அவர் பார்வையில் கையசைக்க வேண்டும், தூரத்தில் இருந்தால் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். தரையில் காலைத் தட்டுவது மரத்தளத்தில் பலிக்கும், நம் சிமென்ட் தரையில் பலிக்காது.

தொடக்கத்தைக் கூட்டமில்லாத காலை 10 மணி முதல் 3 மணி வரை வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மாலைக் கூட்டத்துக்கு மாற்றுங்கள். அதுவரை ஒவ்வொரு தப்பையும் அது எதனால் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்தால், எந்த அட்டை போதவில்லை, எந்தச் சைகை புரியவில்லை என்று தெரிந்துவிடும். வேலை சரியில்லை என்றால் நீக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: நீக்கலாம், மற்றவருக்கு உள்ள அதே நோட்டீஸ், அதே நடைமுறை. ஒன்று மட்டும் கூடுதல். எச்சரிக்கை, சம்பளப் பிடித்தம், நீக்கம் ஆகியவற்றைப் பேசும் அன்று மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும். துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது போதாது. அந்தப் பேச்சின்போதுதான், அவர் திரும்பத் திரும்பச் செய்த தப்பை இதுவரை யாரும் அவருக்குத் தெளிவாகச் சொல்லவே இல்லை என்பது பல கடைகளில் வெளியே வருகிறது.